நடுக்கு வாதத்துக்குத் தேயிலை மருந்தாகுமா?

பிரிஞ்சாங்கில் ஒருவருக்குக் கை நடுங்கினால் யாரும் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. "காலைக் குளிர் அப்படி" என்று சொல்லிவிடுவோம். வயதானவராக இருந்தால் "நரம்புத் தளர்ச்சி, வேறென்ன" என்போம். குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் கேட்கவே வேண்டாம். காரணம் தயாராக இருக்கும். ஆனால் வெயில் ஏறிய பிறகும், கம்பளிச் சட்டை போட்ட பிறகும், மடியில் சும்மா வைத்திருக்கிற கை தானாக நடுங்குகிறது என்றால் அது குளிர் அல்ல. அது பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். நம்மவர்கள் அதை நடுக்கு வாதம் என்பார்கள்.

"பச்சைத் தேயிலை குடிச்சா நடுக்கு வாதம் நிக்குமாமே, உண்மையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாம் இருப்பதே தேயிலை மலையில். நம் கையால் எடுக்கிற கொழுந்து இத்தனை பெரிய நோய்க்கு மருந்து என்றால் நம்மைவிடச் சந்தோஷப்படக் கூடியவர் யார்? ஆனால் நோயாளி ஒருவர் இந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் வருவது சந்தோஷமல்ல, ஆபத்து. ஆகவே ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

இது என்ன நோய்?

1817-ம் ஆண்டில் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் ஆறு பேரைக் கவனித்து இந்த நோயைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் பார்த்துத்தான் குறித்துக் கொண்டார். அதாவது, நடையையும் கையையும் பார்த்தே சந்தேகப்படக் கூடிய நோய் இது.

நம் மூளையின் அடிப்பாகத்தில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்கே உள்ள அணுக்கள் டோபமின் என்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. "கையைத் தூக்கு, காலை எடுத்து வை" என்று மூளை போடுகிற உத்தரவு தடங்கல் இல்லாமல் நடக்க இந்த டோபமின் வேண்டும். பேக்டரியில் ரோலருக்கு எண்ணெய் வற்றினால் எப்படி முட்டி முட்டிச் சுற்றுமோ, அப்படித்தான் டோபமின் குறைந்த உடம்பும். அந்த அணுக்கள் ஏன் சாகின்றன என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. வயது, பரம்பரை, சில நச்சுப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. பெரும்பாலும் 60 வயதை ஒட்டியோ அதற்கு மேலோ வரும், இளையவர்களுக்கும் வருவதுண்டு.

முக்கியமான அடையாளங்கள் இவை:

1. சும்மா இருக்கும்போது ஒரு பக்கத்துக் கை நடுங்கும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் திருநீறு பிசைவதுபோல அசையும். கோப்பையை எடுக்கக் கை நீட்டினால் நடுக்கம் சற்று அடங்கும்.

2. எல்லா வேலையும் மெதுவாகும். சட்டைப் பொத்தான் போடவே நேரம் பிடிக்கும். கையெழுத்து சிறுத்துக் கொண்டே போகும்.

3. கை கால் விறைக்கும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். "தோள் வலி" என்று தைலம் தேய்த்துக் கொண்டே பல மாதம் ஓடிவிடும்.

4. முகத்தில் சிரிப்பு, கோபம் எதுவும் தெரியாது. குரல் தணிந்துவிடும். "ஏன் மூஞ்சைத் தூக்கி வச்சிருக்க?" என்று வீட்டில் சண்டையே வரும். பாவம், அவர் கோபத்தில் இல்லை. முகத்துத் தசை ஒத்துழைக்கவில்லை.

இவற்றுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே சிலருக்கு வாசனை தெரியாமல் போகும், மலச்சிக்கல் வாட்டும், தூக்கத்தில் கத்துவார்கள், கை கால் உதைப்பார்கள்.

எல்லா நடுக்கமும் இந்த நோயல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தைராய்டு கோளாறு, மது, ஆஸ்துமாவுக்கான சில மருந்துகள், வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கிற சில மாத்திரைகள் ஆகியவையும் நடுக்கம் தரும். பரம்பரையாக வருகிற இன்னொரு நடுக்கம் உண்டு. அது கோப்பையைத் தூக்கும்போதுதான் அதிகமாகும். எது எது என்று பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் வேலையல்ல.

ஒரே கொழுந்து, இரண்டு தேயிலை

பச்சைத் தேயிலை வேறு செடி, கறுப்புத் தேயிலை வேறு செடி என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே செடிதான். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் புளிக்க விட்டு, பிறகு சூட்டில் உலர்த்தினால் அது கறுப்புத் தேயிலை. கேமரன் மலையில் 1929-ல் போ தோட்டமும், 1933-ல் பாரத் தோட்டமும் தொடங்கிய காலத்திலிருந்து பெரும்பாலும் செய்து வருவது இதைத்தான். கொழுந்து வந்தவுடன் சூடு காட்டிப் புளிக்க விடாமல் தடுத்துவிட்டால் அது பச்சைத் தேயிலை.

கொழுந்தில் கேட்டச்சின் என்ற துவர்ப்புச் சத்துகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது ஈ.ஜி.சி.ஜி. என்பது. புளிக்க விடும்போது கேட்டச்சின்களில் பெரும் பகுதி உருமாறி, கறுப்புத் தேயிலையின் சிவந்த சாயத்தையும் காரத்தையும் கொடுக்கிற வேறு பொருள்களாகிவிடுகிறது. பச்சைத் தேயிலையில் அது அப்படியே தங்கிவிடுகிறது. காஃபீன் இரண்டிலும் உண்டு. பச்சைத் தேயிலைக்கு இவ்வளவு பெயர் கிடைத்தது இந்த ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருளால்தான்.

எலிகளிடம் கண்டது

1982-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலைபோல விறைத்துப் போனார்கள். கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஊசி போட்டுக் கொண்டவர்கள் அவர்கள். அதில் எம்.பி.டி.பி. என்ற ஒரு நஞ்சு கலந்திருந்தது. அது மூளையில் அந்தக் கருநிறப் பகுதியையே தேடிப் போய் அழித்துவிட்டது என்று டாக்டர் வில்லியம் லாங்ஸ்டனும் அவரோடு இருந்தவர்களும் 1983-ல் எழுதினார்கள். அன்று முதல், பார்க்கின்சன் நோயை விலங்குகளுக்கு உண்டாக்கி ஆராய இந்த நஞ்சு பயன்படுகிறது. இதன் பெயரை ஞாபகத்தில் வையுங்கள். நம் புல் மருந்தைப் பற்றிச் சொல்லும்போது மறுபடியும் வரும்.

2001-ல் இஸ்ரேலின் டெக்னியோன் ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலிகளுக்குப் பச்சைத் தேயிலைச் சத்தைக் கொடுத்து, கூடவே இந்த நஞ்சையும் கொடுத்தார்கள். தேயிலைச் சத்து பெற்ற எலிகளின் மூளை அணுக்கள் நன்றாகத் தப்பித்தன. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் எலிக்கு நஞ்சோடு சேர்த்துச் சத்தைக் கொடுப்பது வேறு. பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நோய் வளர்ந்த மனிதனுக்குப் பிறகு கொடுப்பது வேறு.

சிங்கப்பூரில் கண்டது

நமக்கு மிக அருகிலேயே ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சிங்கப்பூரில் 1993 முதல் 1998 வரை 45 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்ட 63,257 சீனர்களைப் பதிவு செய்து, என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு தேநீர், எவ்வளவு கோப்பி குடிக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக் கொண்டார்கள். பிறகு பல ஆண்டுகள் காத்திருந்து யார் யாருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தது என்று பார்த்தார்கள். 157 பேருக்கு வந்திருந்தது. 2008-ல் முடிவு வெளியானது.

பச்சைத் தேயிலை குடித்ததற்கும் நோய் வந்ததற்கும் வராததற்கும் சம்பந்தம் காணப்படவில்லை. ஆனால் கறுப்புத் தேயிலை அதிகம் குடித்த பிரிவினருக்கு, மிகக் குறைவாகக் குடித்தவர்களைவிட நோய் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வந்திருந்தது! காஃபீன் கணக்கைக் கழித்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் நின்றது.

"அப்ப நம்ம தேத்தண்ணிதான் கெட்டிக்காரத் தேத்தண்ணி!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள். இது குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்ட கணக்கு. தேநீர்தான் காப்பாற்றியது என்பதற்கு இது மட்டும் நிரூபணம் ஆகாது. தேநீர் அதிகம் குடிப்பவரின் வாழ்க்கையில் வேறு ஏதாவது வித்தியாசமும் இருந்திருக்கலாம். மேலும் இது நோய் வராதவர்களைப் பற்றிய கணக்கு. வந்துவிட்டவரைக் குணப்படுத்தும் கணக்கல்ல.

நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது

மருந்தா இல்லையா என்பதற்குச் சரியான பரீட்சை ஒன்றுதான். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உண்மை மாத்திரையும் மறு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது.

சீனாவில் மருந்து இன்னும் தொடங்காத 410 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து அப்படிச் செய்தார்கள். 2009-ல் முடிவு சொன்னார்கள். ஆறு மாதத்தில் பச்சைத் தேயிலைச் சத்து பெற்றவர்களுக்குச் சற்று முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒரு வருடம் ஆனபோது நோயின் போக்கை அது மாற்றியதாகக் காணப்படவில்லை.

ஜெர்மனியில் பார்க்கின்சனுக்குப் பங்காளி போன்ற ஒரு நோய் உள்ளவர்கள் 92 பேருக்கு 48 வாரம் பரீட்சை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு ஈ.ஜி.சி.ஜி., மறு பிரிவுக்கு வெறும் மாத்திரை. 2019-ல் வெளியான முடிவு: நோயின் வேகம் குறையவில்லை. அது மட்டுமா? ஈ.ஜி.சி.ஜி. சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஈரல் பாதித்தது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2018-ல் இதையே எச்சரித்தது. சத்து மாத்திரையாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈ.ஜி.சி.ஜி. சாப்பிட்டால் ஈரலுக்குக் கெடுதி வரலாம். சுடுநீரில் ஊற வைத்துக் குடிக்கிற சாதாரணத் தேநீர் பொதுவாகப் பாதுகாப்பானது. ஆபத்து போத்தலில் அடைத்து விற்கிற சத்து மாத்திரையில்தான். "இலையிலிருந்து எடுத்ததுதானே, என்ன செய்துவிடும்?" என்று நினைத்து வாங்காதீர்கள்.

ஆக, தீர்ப்பு இது: தேயிலை நல்ல பானம். மருந்தல்ல. பச்சையும் அல்ல, கறுப்பும் அல்ல.

அப்படியானால் மருந்து எது?

லெவோடோபா என்ற மாத்திரை. மூளைக்குள் போய் டோபமினாக மாறுவது அதுதான். 1960-களில் பழக்கத்துக்கு வந்த இந்த மருந்து இன்றும் முதல் வரிசை மருந்தாக இருக்கிறது. நோயை அடியோடு போக்காது. ஆனால் எழுந்து நடமாட வைக்கும், சட்டைப் பொத்தானைத் தானே போட வைக்கும்.

ஒரு செய்தி. நம் நாட்டு வைத்தியத்தில் வழங்குகிற பூனைக்காலி விதையில் இதே லெவோடோபா இருப்பதை 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற இரு இந்திய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். செடியில் மருந்தே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே இருக்கிற பொருள் எது, எவ்வளவு, நோயாளியிடம் பரீட்சை செய்தார்களா என்பதுதான் கேள்வி. அதற்காகப் பூனைக்காலி விதையை வாங்கி அரைத்துக் குடித்துவிடாதீர்கள். ஒரு விதைக்கும் மறு விதைக்கும் அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சிவிடும்.

பார்க்கின்சன் மாத்திரையை ஒருபோதும் திடீரென்று நிறுத்தக் கூடாது. அப்படி நிறுத்தினால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்து வரலாம். மயக்கம், வாந்தி என்று தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக் கொள்ளலாம். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

நோயாளி தேத்தண்ணி குடிக்கும் முறை

தாராளமாகக் குடிக்கலாம், பச்சையோ கறுப்போ. சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள்:

மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். தே தாரிக்கோடு வேண்டாம். பால், முட்டை, கறி, பருப்பு ஆகியவற்றின் புரதம் லெவோடோபாவுக்குப் போட்டியாக நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரை போடுவது நல்லது.

சாப்பாட்டோடு சேர்த்துச் சாயம் குடிக்காதீர்கள். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தச் சோகை உள்ள தாய்மார்களுக்கு இது முக்கியம். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம். ஏற்கெனவே தூக்கம் கெடுகிற நோய் இது.

சீனியைக் குறையுங்கள். ஆறவிட்டுக் குடியுங்கள். நடுங்குகிற கைக்குக் கைப்பிடி வைத்த கனமான கோப்பை, பாதி அளவு ஊற்றியது, நல்லது.

இன்னொரு 'மருந்து' இருக்கிறது

தோட்டத்தில் மருந்து என்றால் இரண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு அடிப்பதும் மருந்து. நடுக்கு வாதத்தைப் பற்றிப் பேசிவிட்டு இந்த இரண்டாவது மருந்தைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும்.

அந்த எம்.பி.டி.பி. நஞ்சு உடம்புக்குள் போய் எந்த உருவம் எடுக்கிறதோ, அந்த உருவத்தின் அமைப்பும் பாராகுவாட் என்ற புல் மருந்தின் அமைப்பும் மிகவும் ஒத்திருக்கின்றன. இதைக் கண்டபிறகுதான் விஞ்ஞானிகள் புல் மருந்து அடிப்பவர்களைக் கவனிக்கத் தொடங்கினார்கள். 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியில், பாராகுவாட் அல்லது ரோட்டனோன் என்ற பூச்சி மருந்தைப் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. மருந்து அடித்த ஒவ்வொருவருக்கும் நோய் வரும் என்று இதற்கு அர்த்தமல்ல. ஆனால் அலட்சியம் செய்யக் கூடிய கணக்குமல்ல.

மலேசியாவில் பாராகுவாட்டை நிறுத்த 2002-ல் முடிவெடுத்தார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் அதை அடித்த கைகள் நம்மிடையே இன்றும் இருக்கின்றன. ரப்பரிலும் செம்பனையிலும் மருந்து அடித்துவிட்டு இந்த மலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் டாக்டரைப் பார்க்கும்போது, "இத்தனை வருஷம் புல் மருந்து அடிச்சேன்" என்பதையும் சொல்ல வேண்டும்.

பாராகுவாட் போய்விட்டது என்பதால் மற்றவை எல்லாம் சந்தனம் ஆகிவிடவில்லை. தேயிலையோ, காய்கறித் தோட்டமோ, எங்கே மருந்து அடித்தாலும் கையுறை, பூட்ஸ், முகமூடி, நீளக்கைச் சட்டை வேண்டும். காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். அடைத்துக் கொண்ட பம்பு முனையை வாயால் ஊதாதீர்கள். மருந்து டின்னில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். நனைந்த உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள். அதைப் பிள்ளைகள் உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து அடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாதீர்கள். பாதுகாப்புச் சாமான் கொடுக்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள், அது சலுகையல்ல. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்கிற தோழர்களுக்கும் தெரிந்த மொழியில் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டார் கவனத்துக்கு

நோயாளியை மூலையில் உட்கார வைக்காதீர்கள். நடை, கை வீசல், எழுந்து உட்காரும் பயிற்சி ஆகியவை மாத்திரைக்கு அடுத்த மருந்து. வழுக்கும் வாசற்படி, ஈரக் குளியலறை, இருட்டு நடைபாதை ஆகியவற்றைச் சரி செய்யுங்கள். விழுந்து இடுப்பு ஒடிந்தால் பிறகு எழுவது கஷ்டம். அவர் பேச நேரம் கொடுங்கள். "செய்வினை" என்று பணத்தைக் கரைக்காதீர்கள். "குடிகாரன் கை" என்று ஏளனம் செய்யாதீர்கள்.

சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள், அல்லது தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கடிதம் கொடுத்து நரம்பு டாக்டரிடம் அனுப்புவார்கள். போகும்போது எப்போது தொடங்கியது, எந்தக் கையில், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். வேலை செய்ய முடியாத நிலை வந்தால், 60 வயதாகாத சொக்சோ சந்தாதாரர் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். மனு எழுதச் சங்கக் கிளையில் உதவி கேளுங்கள்.

நம் தேத்தண்ணியை நாம் சந்தோஷமாகவே குடிப்போம். களைப்பைப் போக்கும், குளிரை விரட்டும், நாலு பேரை ஒன்றாக உட்கார வைக்கும். அதற்கு அதுவே போதும். நோய்க்கு வேண்டியது வேளை தவறாத மாத்திரை. நோய் வருமுன் வேண்டியது பம்பைத் தொடும் கைக்குக் கையுறை. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும், படிக்கத் தெரியாத ஒருவருக்காவது வாசித்துக் காட்டுங்கள்.